கேட்க முடியாதவர்கள் கேட்டுப் பெற்றவை

நூற்றாண்டு மலரைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேடுவது தாம் படித்த காலத்துப் பெயர்களையும் படங்களையுமே. அதிபர்கள், ஆசிரியர்கள், கட்டடங்கள், விளையாட்டுப் போட்டிகள் என அவை எல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் உரிய இடத்தைப் பெற்றுள்ளன. இக்கட்டுரைக்கு நாம் எடுத்துக்கொண்டது வேறொரு வரலாறு. செவிப்புலன் குறைந்த நிலையிலேயே பொதுப்பணியில் முன்னின்று, தம்மைப் போன்ற பிறருக்காகவும் குரல் கொடுத்த சிலருடைய வரலாறு அது.

பழைய மாணவிகள் சங்க மலருக்கு இப்பொருள் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். எமது தாய்ச் சங்கமும் கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் உள்ள கிளைகளும் வேதனம் பெறாத தொண்டர்களாலேயே நடக்கின்றன. கணக்கு எழுதுவோர், நிதி சேர்ப்போர், புலமைப்பரிசிலுக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்வோர் ஆகியோருள் பெரும்பாலோர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதைக் கடந்தவர்களுள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்குச் செவிப்புலன் குறைந்தவர்கள். அந்த வயதினர் நூறு பேர் கூடும் பொதுக்கூட்டத்தில் அது ஏறத்தாழ நான்கு வரிசைக் கதிரைகள். அவர்களுள் பலர் காரணம் சொல்லாமலே மெல்ல விலகிவிடுகிறார்கள். முழங்கால் நோகிறது என்பார்கள், பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்பார்கள். பேசுவது விளங்கவில்லை என்று சொல்பவர் குறைவு.

தமிழில் 'கேள்' என்ற வினைக்கு இரு பொருள் உண்டு. ஒன்று செவியால் கேட்பது, மற்றது வாய்விட்டு வேண்டுவது. வள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வைத்ததோடு நில்லாமல் கேள்விக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்தார். செவியால் கேட்க முடியாமற் போனவர்கள் வாய்விட்டுக் கேட்கக் கற்றுக்கொண்ட கதையையே இங்கு சொல்லப் புகுகிறோம். அப்படிக் கற்றுக்கொள்ள ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

சத்தம் கேட்கும், சொல் விளங்காது

வரலாற்றுக்குள் போகுமுன் இக்குறைபாடு எப்படிப்பட்டது என்பதைச் சற்றுப் பார்ப்போம். வயதோடு வரும் செவிப்புலன் குறைவு வானொலியின் சத்தத்தைக் குறைப்பது போன்றதன்று. உட்செவியில் நத்தையோட்டின் வடிவில் உள்ள உறுப்பில் ஆயிரக்கணக்கான நுண்மயிர்க் கலங்கள் இருக்கின்றன. அவை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளை ஏற்கும் கலங்களே முதலில் அழிகின்றன. உயிரெழுத்துகளின் ஒலி கனமானது. ச, த, ப, க போன்ற மெய்யொலிகளின் கூர்மை உயர்ந்த சுருதியில் இருக்கிறது. ஆகவே ஒருவர் பேசுவது கேட்கும், என்ன பேசினார் என்பது விளங்காது. 'சத்தம் போட்டுச் சொன்னேனே' என்று மற்றவர் சலித்துக்கொள்வதும், 'வாய்க்குள்ளே முணுமுணுக்கிறாள்' என்று இவர் குறைப்படுவதும் இதனாலேதான்.

உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்வதற்கும் எல்லை உண்டு. 'பாலை' என்று சொன்னாலும் 'மாலை' என்று சொன்னாலும் உதடு ஒரே மாதிரித்தான் அசையும். 'பணம்', 'மணம்' என்பனவும் அப்படியே. க, ங என்பன தொண்டைப் பக்கம் பிறப்பதால் வெளியே தெரியமாட்டா. மிகுதியை இடம் பொருள் பார்த்து ஊகிக்க வேண்டும். இரண்டு மணி நேரக் கூட்டம் முழுவதும் இப்படி ஊகித்துக்கொண்டே இருப்பவர் வீடு திரும்பும்போது களைத்துப்போகிறார். அடுத்த கூட்டத்துக்கு அவர் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

கேட்பதில்லை என்று உறுதி பூண்டவர்

இவ்வரலாற்றை இங்கிலாந்தின் எழுத்தாளர் ஹரியட் மார்ட்டினோவிலிருந்து தொடங்குவது பொருத்தம். 1802இல் நோர்விச் நகரில் பிறந்த இவருக்குப் பன்னிரண்டு வயதளவிலேயே செவிப்புலன் குறையத் தொடங்கியது. இருபது வயதாகும்போது குறைவு மிகவும் கடுமையாகிவிட்டது. தந்தையாரின் துணி வியாபாரம் நொடித்தபின் எழுத்தையே தொழிலாகக் கொண்டார். பொருளியலைச் சாதாரண மக்களுக்குக் கதைகளாகச் சொல்லும் அவருடைய நூல்வரிசை 1832 முதல் மாதந்தோறும் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்றது. அவ்வரிசையில் 1833இல் வந்த ஒரு கதையின் களம் எமது இலங்கை. 'கறுவாவும் முத்தும்' என்று பொருள்படும் தலைப்புடைய அக்கதை, இத்தீவின் கறுவாவையும் முத்துக்குளிப்பையும் ஏகபோகமாக வைத்திருந்த ஆட்சியாளரைக் கண்டித்தது. மார்ட்டினோ இலங்கைக்கு வந்தவரல்லர்.

1834இல் அவர் செவிப்புலன் குறைந்தோருக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதி சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார். தம் குறையைப் பற்றி வாய்திறக்கவே வெட்கப்பட்ட காலத்தில் முப்பத்திரண்டு வயதை எட்டாத ஒரு பெண் இப்படி எழுதியது துணிவான செயல். குறையை மறைக்காதீர்கள், ஊதுகுழல் போன்ற காதுக்குழலை நேரகாலத்தோடு பயன்படுத்தத் தொடங்குங்கள், பொய் வெட்கத்தால் தனித்துப் போகாதீர்கள் என்று அவர் வற்புறுத்தினார். அதே ஆண்டு காதுக்குழலுடனேயே அமெரிக்காவுக்குப் பயணமாகி, 1836 வரை அங்கு தங்கிப் பலரோடு பேசிப் பழகி, அந்நாட்டுச் சமுதாயத்தைப் பற்றி நூல் எழுதினார். குழலின் மறுமுனையில் ஒருவரே பேச முடியும் என்பதால் சபையில் சொல்லாததைத் தம்மிடம் தனிமையில் சொன்னார்கள் என்றும், அது தமக்குக் கிடைத்த அனுகூலம் என்றும் அவர் கருதினார்.

ஆயினும் மார்ட்டினோவின் அறிவுரையில் கடினமான பகுதி ஒன்றும் உண்டு. 'என்ன சொன்னார்கள்?' என்று பிறரை ஒருபோதும் கேட்பதில்லை என இளமையிலேயே அவர் உறுதி பூண்டிருந்தார். சொல்ல வேண்டியதை நண்பர்கள் தாமாகச் சொல்வார்கள், நாம் கேட்டுத் தொல்லை கொடுக்கக் கூடாது என்பது அவரது நிலைப்பாடு. குறை எம்முடையது, அதன் சுமையையும் நாமே தாங்க வேண்டும் என்பது இதன் உட்பொருள். எமது பாட்டிமார் பலரும் இதையேதான் வாழ்ந்து காட்டினார்கள். விறாந்தையின் ஒரு மூலையில் சிரித்த முகத்தோடு, எவரையும் கேளாமல் இருந்துவிட்டுப் போனார்கள்.

ஒரு பள்ளியின் பழைய மாணவர்கள்

அடுத்த படி நியூயோர்க்கில் வைக்கப்பட்டது. பதினான்கு வயதில் செவிப்புலனை இழந்த எட்வேர்ட் நிச்சி என்பவர் பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, 1903இல் வளர்ந்தோருக்கு உதட்டு வாசிப்பைக் கற்பிக்கும் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அப்பள்ளியில் படித்தவர்கள் 1910இல் ஒன்றுகூடி அமைத்த சங்கமே பின்னர் நியூயோர்க்கின் செவிப்புலன் குறைந்தோர் சங்கமாக வளர்ந்தது. உலகில் இத்துறையில் நீண்டகாலம் நிலைத்த அமைப்புகளுள் ஒன்று பழைய மாணவர்களிடமிருந்து பிறந்தது என்பது எமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

படித்ததை மறவாமல் பயிற்சி செய்யவும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கவுமே அவர்கள் முதலில் கூடினார்கள். விரைவில் தமக்கு அப்பால் பார்க்கத் தொடங்கினார்கள். வேலை தேடுவோருக்கு உதவினார்கள். பாடசாலைப் பிள்ளைகளின் செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். 1920களில் பல காதொலிவாங்கிகள் பொருத்திய இசைத்தட்டுக் கருவியின் உதவியோடு ஒரே வேளையில் ஒரு வகுப்புப் பிள்ளைகளைச் சோதிக்க முடிந்தது. பின்வாங்கில் இருந்த 'கவனமில்லாத பிள்ளை' உண்மையில் கேளாத பிள்ளை என்று அப்போதுதான் பல இடங்களில் தெரியவந்தது. வகுப்பறையில் நின்று கற்பித்த எம் அங்கத்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

தனியொருவர் தாங்கிய சுமை இங்கு சங்கத்தின் சுமையாயிற்று. மார்ட்டினோ கடிதம் எழுதினார். இவர்கள் கூட்டம் வைத்தார்கள்.

முத்துமாலையை விற்றவர்

எமது கல்லூரியில் சாரணியச் சீருடை அணிந்த எவரும் அறிந்திருக்க வேண்டிய பெயர் ஜூலியட் கோர்டன் லோ. 1860இல் அமெரிக்காவின் சவான்னா நகரில் பிறந்த இவர், அந்நாட்டில் பெண் சாரணியத்தைத் தொடங்கியவர். இவரது செவிகள் இரண்டும் பழுதான விதம் வருந்தத்தக்கது. 1885 அளவில் காதுநோவுக்கு வெள்ளி நைத்திரேற்று என்ற மருந்தை விட்டதால் ஒரு காது பெரிதும் கெட்டது. அடுத்த ஆண்டு டிசெம்பரில் அவருக்குத் திருமணம் நடந்தது. நாம் அறுகரிசி தூவி வாழ்த்துவதைப் போல அவர்களும் மணமக்கள்மீது அரிசி தூவுவார்கள். அதில் ஒரு மணி மற்றக் காதினுள் சிக்கிக்கொண்டது. அதை எடுக்கப் போய்ச் சவ்வு துளைபட்டு, கிருமி தொற்றி, அந்தக் காதும் போயிற்று.

கணவரை இழந்து, பிள்ளைகளும் இல்லாத நிலையில், 1911இல் அவர் பேடன்-பவலைச் சந்தித்தார். ஸ்கொட்லாந்திலும் இலண்டனிலும் சாரணியர் குழுக்களை நடத்திப் பார்த்தபின் ஊர் திரும்பினார். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திவந்த உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் எண்ணத்தைச் சொன்னார். 1912 மார்ச் 12ஆம் திகதி 18 சிறுமிகளோடு முதற் குழு தொடங்கியது. நல்ல செவியுள்ளவர்களே உரக்கக் கத்திப் பேச வேண்டியிருந்த அந்தக் காலத் தொலைபேசியில் இப்படியொரு செய்தியைச் சொல்ல அவர் தயங்கவில்லை. இயக்கத்துக்குப் பணம் போதாமற் போன காலத்தில் தமது முத்துமாலையையும் விற்றுக் கொடுத்தார். பொறுப்பொன்றை ஏற்கும்படி அவர் கேட்க, மற்றவர் முடியாது என்றால், அது காதில் விழாததுபோல நன்றி சொல்லிவிட்டு நடந்துவிடுவாராம். அவரது வாழ்க்கையை எழுதியோர் சுவையோடு சொல்லும் செய்தி இது. எம் சங்கத் தலைவியர் பலருக்கு இந்த வித்தை செவி நன்றாக இருக்கும்போதே கைவந்தது.

லோ செவிப்புலன் குறைந்தோருக்கென்று தனிச் சங்கம் அமைத்தவரல்லர். தாம் அமைத்த சங்கத்தில் எவரும் வெளியே நிற்கக் கூடாது என்று பார்த்துக்கொண்டார். 1917இலேயே நியூயோர்க்கில் உடற்குறை உள்ள சிறுமிகளுக்கான சாரணியர் குழு அமைந்தது. அதே ஆண்டில் இலங்கையின் முதலாவது பெண் சாரணியர் குழு கண்டியில் தோன்றியது. எமது சாரணியம் பிரித்தானியா வழியாக வந்தது, லோவின் வழியாக அன்று. என்றாலும் இரண்டும் ஒரே வேரின் கிளைகள். 1927இல் அவர் மறைந்தபின் அவர் பெயரால் ஏற்படுத்தப்பட்ட நிதி, பல நாட்டுச் சாரணியச் சிறுமிகளை ஒன்றுசேர்த்துவருகிறது.

1912 இலங்கைக்கும் முக்கியமான ஆண்டு. மேரி சப்மன் என்ற மிஷனரிப் பெண்மணி அவ்வாண்டில் தொடங்கிய பாடசாலையே இரத்மலானையில் செவிப்புலனற்றோர், விழிப்புலனற்றோர் பாடசாலையாக வளர்ந்தது. வடக்கில் கைதடி நவீல்ட் பாடசாலை அப்பணியைச் செய்துவருகிறது. இங்கு ஒரு வேறுபாட்டை மனத்தில் கொள்ள வேண்டும். பிறவியிலேயே கேளாதவர்களுக்குச் சைகை மொழி உண்டு, அதைப் பேசும் சமூகம் உண்டு, தலைவர்கள் உண்டு. இடையில் செவிப்புலனை இழப்பவர்களுக்கு அந்த மொழி தெரியாது, கேட்போர் உலகிலும் முன்போல இருக்க முடியாது. எமது அங்கத்தவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையினர்.

பதவியை விட்டுப் போகாதவர்

பிரித்தானியப் பாராளுமன்ற உறுப்பினர் ஜக் அஷ்லியின் வாழ்க்கை மற்றொரு பாடம். 1922இல் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பதினான்கு வயதில் தொழிற்சாலைக்குப் போய், பின்னர் கேம்பிரிட்ஜ் வரை படித்த இவர் 1966இல் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். 1967 டிசெம்பரில் செவிச்சவ்வுக்குச் செய்த சத்திரசிகிச்சை பிழைத்ததால் எஞ்சியிருந்த செவிப்புலனை முற்றாக இழந்தார். விவாதமே தொழிலான ஒருவருக்கு இது எப்படி இருந்திருக்கும்! பதவி விலகுவதென்றே முடிவு செய்தார். தொகுதி மக்களும் சகாக்களும் தடுத்தார்கள். மனைவி போலினோடு உதட்டு வாசிப்பைப் பயின்று சபைக்குத் திரும்பினார்.

தம் குரல் உயர்கிறதா தாழ்கிறதா என்று அவருக்கே தெரியாது. சபையில் நண்பர் ஒருவர் கையசைத்துக் குறிப்புக் காட்டுவார். 1970களின் நடுப்பகுதியில் இன்னொரு வசதி வந்தது. சுருக்கெழுத்துப் பொறியில் ஒருவர் தட்டச்சிட, பேசப்படும் சொற்கள் அஷ்லியின் முன்னிருந்த சிறு திரையில் எழுத்தாகத் தோன்றின. இன்று இணையவழிக் கூட்டங்களில் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளுக்கு அது ஒரு முன்னோடி. தலிடோமைட் மருந்தால் ஊனமுற்றுப் பிறந்த பிள்ளைகளுக்கு நியாயமான நட்டஈடு கிடைக்க 1972இல் பாராளுமன்றத்தில் முன்னின்று போராடியவர் இவர். கணவரிடம் அடிபடும் பெண்களின் துன்பத்தை அச்சபையில் எழுப்பிய முன்னவர்களுள் ஒருவரும் இவரே. 1985இல் மனைவியோடு சேர்ந்து செவிப்புலன் ஆராய்ச்சிக்கென அறநிதியம் ஒன்றையும் தொடங்கினார். 1992 வரை பாராளுமன்ற உறுப்பினராக இருந்து, 2012இல் மறைந்தார்.

செவிப்புலன் குறைந்தவுடன் செயலாளர் பொறுப்பைக் கைமாற்ற நினைக்கும் சகோதரி எவரும் அஷ்லியை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சபை அவரை அனுதாபத்தோடு வழியனுப்பிவைக்கவில்லை. அவர் தொடர்ந்து பணியாற்ற என்ன வேண்டும் என்று பார்த்தது.

ஸ்ரோனும் அவர் சேர்த்த கூட்டமும்

ஹவார்ட் ஸ்ரோன் 1925இல் பிறந்த அமெரிக்கர். நண்பர்கள் 'ரொக்கி' என்று அழைப்பார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் படைப் பயிற்சியின்போது நடந்த வெடிப்பொன்றில் செவிப்புலனைப் பெரிதும் இழந்தார். பின்னர் அந்நாட்டின் மத்திய உளவு நிறுவனத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றினார். செவிகொடுப்பதே தொழிலான ஓரிடத்தில் காதுக் கருவியையும் உதட்டு வாசிப்பையும் கொண்டு உயர்பதவி வரை வந்தவர் அவர்.

1975இல் ஓய்வு பெற்றபின், 1979இல் மேரிலன்ட் மாநிலத்தின் பெதெஸ்டாவில் செவிப்புலன் குறைந்தோருக்கான சுயஉதவி அமைப்பொன்றைத் தொடங்கினார். அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வாசித்தால் 'உஷ்' என்று அமைதியாக்கும் ஒலி வரும். அமைதிக்குள் தள்ளப்பட்டவர்கள் அந்த அமைதியைக் கேலி செய்து வைத்த பெயர் அது. வைத்தியரும் ஆசிரியரும் வந்து உதவட்டும், ஆனால் எமது வாழ்க்கையை நடத்தும் பொறுப்பு எம்முடையது என்பது அவரது கொள்கை. அமெரிக்கா எங்கும் கிளைகள் முளைத்தன. ஒவ்வொரு கிளையையும் நடத்தியவர்கள் பெரும்பாலும் தாமே செவிப்புலன் குறைந்த தொண்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தாதியர், குடும்பப் பெண்கள் எனச் சாதாரண மனிதர்கள் தலைவரானார்கள். கூட்டத்தில் பேசப்படுவதைத் திரையில் எழுதிக் காட்டினார்கள். மண்டபத்தைச் சுற்றிக் கம்பி ஓடவிட்டு, ஒலிவாங்கியின் ஒலியை நேரடியாகக் காதுக் கருவிக்குள் சேர்க்கும் வளைய முறையைப் பயன்படுத்தினார்கள்.

பின்னர் சட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். தொலைபேசிகள் காதுக் கருவியோடு ஒத்திசைய வேண்டும் என்ற சட்டம் 1988இல் வந்தது. வேலைத்தலத்திலும் பொதுவிடத்திலும் ஊனமுற்றோருக்கு உரிய வசதி செய்துகொடுக்க வேண்டும் என்ற பெருஞ்சட்டம் 1990இல் நிறைவேறியது. இவ்விரண்டின் பின்னாலும் பலரின் உழைப்பு இருந்தது. அவர்களுள் இந்தத் தொண்டர்களும் இருந்தார்கள். ஸ்ரோன் 2004இல் மறைந்தார். அமைப்பு வேறு பெயரில் இன்றும் நடக்கிறது. இத்தகைய அமைப்புகள் பல நாடுகளில் தோன்றின. அவற்றின் உலகக் கூட்டமைப்பு 1977இலேயே உருவாகியிருந்தது.

வெடிப்பொன்றில் செவியை இழந்தவர் என்ற செய்தியை எம்மில் பலர் சாதாரணமாகக் கடந்து போக மாட்டோம். செல்லடியும் குண்டுவீச்சும் கண்ட தலைமுறை எமது. அதிர்ச்சியில் செவிச்சவ்வு கிழிந்தவர்களும் உட்செவி கெட்டவர்களும் உண்டு. உயிர் தப்பியதே பெரிது என்றிருந்த காலத்தில் காதைப் பற்றி எவர் முறையிட்டார்? முதுமையோடு வரும் குறைவும் அந்தப் பழைய காயத்தோடு சேரும்போதுதான் அது வெளியே தெரிகிறது.

என்ன மாறியது

மார்ட்டினோவிலிருந்து ஸ்ரோன் வரை மாறியது என்ன? கருவிகள் மாறின என்பது உண்மை. குழல் போய் மின்கருவி வந்தது. உட்செவியில் பதிக்கும் கருவி வந்தது, 1990களில் அஷ்லியும் அதைப் பெற்றுக்கொண்டார். ஆனால் அதைவிடப் பெரிய மாற்றம் சுமையை எவர் தாங்குவது என்பதில் ஏற்பட்டது. 1834இல் ஒரு பெண், நான் எவரையும் கேட்டுத் தொல்லைப்படுத்த மாட்டேன் என்றார். நிச்சியின் மாணவர்கள் தமக்குள் ஒருவரையொருவர் கேட்டார்கள். லோ தம் வேலைக்காகக் கேட்டார். அஷ்லிக்காக ஒரு சபை தன் வழக்கத்தைச் சற்று மாற்றியது. 1979இல் ஸ்ரோனும் அவரது தொண்டர்களும் உலகத்தைப் பார்த்து, நாங்கள் இருக்கிறோம், நீங்களும் கொஞ்சம் மாற வேண்டும் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்கள் தமக்கு மட்டுமன்றிப் பின்னால் வந்தவர்களுக்கும் பெற்றுக்கொடுத்தார்கள்.

எமது நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஊனமுற்றோரின் உரிமைகளைக் காக்க இயற்றப்பட்டது. ஐக்கிய நாடுகளின் ஊனமுற்றோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. அதை மண்டபத்துக்குள் கொண்டுவருவது எங்களைப் போன்ற சங்கங்களின் வேலை.

இரண்டாம் நூற்றாண்டுக்குச் சில வேண்டுகோள்கள்

நூறு ஆண்டு கண்ட சங்கம் அடுத்த நூற்றாண்டுக்குள் நுழையும் வேளையில், தாய்ச் சங்கத்திடமும் எல்லாக் கிளைகளிடமும் நாம் கேட்பவை பெரியவை அல்ல.

ஒலிவாங்கி இருந்தால் எல்லோரும் அதிலேயே பேசுவோம். 'எனக்கு மைக் தேவையில்லை, என் குரல் கேட்கும்' என்பது பேசுபவரின் எண்ணம், கேட்பவரின் அனுபவம் வேறு. ஒரு நேரத்தில் ஒருவர் பேசட்டும், பேசுமுன் கையை உயர்த்தட்டும். எவர் பேசுகிறார் என்று தெரிந்தாலே பாதி விளங்கும். பேசுபவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும், யன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். மேசைகளை வட்டமாகப் போட்டால் ஒவ்வொருவர் முகமும் தெரியும். மின்விசிறியின் இரைச்சலும் தேநீர்க் கோப்பைகளின் சத்தமும் காதுக் கருவிக்குள் பெருகிக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். நிகழ்ச்சிநிரலையும் அறிக்கைகளையும் முன்கூட்டியே கையில் கொடுப்போம். விளங்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அதே சொல்லை இன்னும் உரக்கக் கத்தாமல், வேறு சொற்களில் சொல்லிப் பார்ப்போம். 'ஒன்றுமில்லை, பிறகு சொல்கிறேன்' என்ற பதில் அவரைக் கூட்டத்துக்கு வெளியே தள்ளிவிடும்.

இணையவழிக் கூட்டங்களில் எழுத்தோட்ட வசதியைத் திறந்து வைப்போம். தமிழும் ஆங்கிலமும் கலந்த எமது பேச்சை இயந்திரம் அடிக்கடி பிழையாக எழுதும். அதனால் முக்கிய முடிவுகளை உடனுக்குடன் தட்டச்சிட்டுக் காட்ட இளைய அங்கத்தவர் ஒருவரை அமர்த்துவோம்.

எமது கல்லூரியில் படிக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் செவிப்புலன் பரிசோதனை நடக்கச் சங்கம் உதவலாம். நியூயோர்க்கின் பழைய மாணவர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய வேலை அது. செலவு அதிகமில்லை. ஒரு பிள்ளையின் படிப்பு அதனால் தப்பும்.

செவிப்புலன் குறைந்த சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. செவிப்புலன் குறைவைக் கவனியாது விடுவது முதுமையில் மறதி நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் காரணங்களுள் ஒன்று என்று 2017 முதல் வெளிவந்த மருத்துவ அறிக்கைகள் எடுத்துக்காட்டியுள்ளன. ஆகவே பரிசோதித்துக்கொள்ளுங்கள். கருவி தேவையென்றால் கூந்தலால் மறைக்காமல் அணியுங்கள். மூக்குக்கண்ணாடிக்கு வெட்கப்படாத நாம் இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும்? எல்லாவற்றுக்கும் மேலாக, பொறுப்பிலிருந்து விலகாதீர்கள். உங்களுக்கு என்ன வசதி வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக அறிந்தவர் எவருமில்லை. நீங்கள் தலைமைக் கதிரையில் இருந்து, 'கொஞ்சம் என்னைப் பார்த்துப் பேசுங்கள்' என்று ஒருமுறை கேட்டால், கேட்கத் தயங்கிக் கடைசி வரிசையில் இருக்கும் பத்துப் பேருக்கும் அன்று கூட்டம் விளங்கும்.

எமது கல்லூரித் தாய் தன் பிள்ளைகளைக் கூப்பிடும் குரல் உலகெங்கும் பரந்திருக்கும் எல்லோருக்கும் எட்ட வேண்டும். எட்டாதவர்கள் 'எட்டவில்லை' என்று சொல்லட்டும். அதைச் செவிமடுத்து ஆவன செய்யும் சங்கமாக எமது சங்கம் இரண்டாம் நூற்றாண்டில் நடைபோட வாழ்த்துகிறோம்.